ஸ்பெஷல் கிளாஸா, மணி அடித்ததும் வீடா, ஊர்ப் படிப்பகமா? கடற்கரைப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புக் குழப்பம்

பள்ளி திறந்து இரண்டு மாதம் போனால் போதும், இந்தக் கடற்கரையில் ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வரத் தொடங்கிவிடும். மண்டபம் பக்கத்து அம்மா ஒருவர் கேட்கிறார்: "பத்தாவதுக்குக் காலையிலயும் சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறாங்க. பிள்ளை ராத்திரி வந்து சாப்பிடாமலே தூங்கிருது. இது தேவைதானா?" தொண்டிப் பக்கத்து அப்பாவுக்கு நேர் எதிர்க் கவலை: "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல நாலு மணிக்கு விட்டுர்றாங்க. பையன் சந்தோஷமாத்தான் இருக்கான். ஆனா காலாண்டுல மூணு பாடம் போச்சு." இருவருக்கும் நடுவில் ஓர் ஆசிரியர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் மார்க் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் பிள்ளைகளைப் பிழியாதீர்கள் என்கிறார்கள். தலைமையாசிரியரான எச்.எம். எந்தப் பக்கம் தலையாட்டுவது?

ராமேசுவரம் தீவிலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரை, அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் பத்தாம் வகுப்பை நடத்துவதற்கு இன்று மூன்று வழிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. அந்த மூன்றையும் மட்டும் இங்கே பார்க்கிறேன். வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது தனிக் கதை. அது குடும்பம் எடுக்கிற முடிவு, இது ஊரும் பள்ளியும் சேர்ந்து எடுக்க வேண்டியது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பது. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல கொள்கை என்றே நினைக்கிறேன். ஆனால் அதனால், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அறிவியலில் 'மின்னோட்டம்' நடத்தினால் என்ன, 'மரபியல்' நடத்தினால் என்ன, எல்லாம் ஒன்றுதான். பள்ளியில் பிள்ளைகள் வாடிப்போவதைப் பற்றி நாம் பேசும்போது படிப்புச் சுமையைத்தான் குற்றம் சொல்கிறோம். பெரும்பாலும் சுமை காரணமாக இருப்பதில்லை. என்ன நடக்கிறது என்றே புரியாமல் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் பிள்ளையைக் கொல்கிறது. ஒரு கணக்கைத் தானே போட்டு விடை சரியாக வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, மார்க்கும் சந்தோஷமும் சண்டைக்காரர்கள் இல்லை என்பது தெரியும். ஆகவே எந்த வழியானாலும் என் முதல் கேள்வி இதுதான்: புரியாத பிள்ளைக்குப் புரிய வைக்க அதில் இடம் இருக்கிறதா, இல்லை புரியாமல் உட்காரும் நேரத்தைத்தான் கூட்டுகிறதா?

இரண்டாவது தூக்கம். 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காலை எட்டு மணி வகுப்புக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கு எழ வேண்டும். மாலை ஆறரைக்கு வகுப்பு முடிந்து, பஸ் கிடைத்து, வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு, மறுநாள் டெஸ்ட்டுக்குப் புத்தகத்தைத் தொட்டால் மணி பத்தரை. மீதி ஏழு மணி நேரம். அதுவும் வீட்டில் கைக்குழந்தை அழாமல், கரன்ட் போகாமல் இருந்தால்.

மூன்றாவது, கடல். இதை மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து கால அட்டவணை போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் கையிருப்பு கரைந்து, நிவாரணத் தொகையும் செலவாகி, வட்டிக்கு வாங்கத் தொடங்கும் வேளையில்தான் பள்ளி திறக்கிறது. ஸ்பெஷல் கிளாஸுக்கு நோட்டு, கைடு, ஜெராக்ஸ் காசு என்று கேட்பதும் அதே ஜூனில்தான். பிறகு படகு போகும் நாள், போகாத நாள் என்று வாரமே இரண்டாகப் பிரிகிறது. படகு கரை சேரும் காலையில் சில பையன்கள் பள்ளியில் இருக்க மாட்டார்கள். நீர் வற்றும் நாட்களில் அம்மா கடற்பாசி எடுக்கப் போனால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்பிள்ளை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இலங்கைக் கடற்படை அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன வீட்டில் அந்த மாதம் படிப்பு என்று ஒன்று கிடையாது. இத்தனையையும் தாங்குகிற ஏற்பாடு எது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. இதை ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன்.

'சந்தோஷம்' என்பதை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். பிள்ளை சிரிக்கிறதா என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். டெஸ்ட் நாளில் யார் யார் வருவதில்லை, வகுப்பில் கேள்வி கேட்பது எத்தனை பேர், தன் பிரச்சினையைப் போய்ச் சொல்ல பள்ளியில் ஒரு டீச்சராவது இருப்பதாக எத்தனை பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றும் போதும், கருத்துக்கணிப்பெல்லாம் வேண்டாம்.

## முதல் வழி: காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ்

இது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஜூலையிலேயே தொடங்கும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம், சனிக்கிழமையும் உண்டு. தினமும் ஸ்லிப் டெஸ்ட். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், ஓவியப் பீரியடை ஆங்கில டீச்சர். ஜனவரி வந்தால் முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு. கடைசியில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு என்று 'மினிமம் மெட்டீரியல்'.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மாநில ரேங்க் அறிவிப்பது 2017-லேயே நின்றுவிட்டது என்றாலும், ஒரு பள்ளியின் மானம் இன்னும் தேர்ச்சி சதவீதத்தில்தான் இருக்கிறது. இந்த வழி அந்த சதவீதத்தை உயர்த்தும். இன்னொன்றும் உண்டு, அதை வசதியான வீட்டுக்காரர்கள் யோசிப்பதில்லை: ஒற்றை அறை வீட்டில், டிவி சத்தத்தில், குடித்துவிட்டு வருகிற அப்பாவுக்கு நடுவில் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளியின் சாயங்கால வகுப்பறைதான் அமைதியான இடம். விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். அங்கே ஒரு கை சுண்டலும் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை வீட்டைவிட அங்கேதான் சந்தோஷமாக இருக்கும். "ஸ்பெஷல் கிளாஸ் என்றாலே சித்திரவதை" என்று பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் பெரியவை. மாலை பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோ. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பெண்பிள்ளையைக் கூட்டிவர ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும், இல்லையென்றால் "பத்தாவது போதும்" என்ற பேச்சு வீட்டில் தொடங்கும். டீச்சர்களும் மனிதர்கள்தான். பத்து மணி நேரத்துக்கு மேல் பள்ளியில் நிற்கிறவர் செப்டம்பருக்குப் பிறகு நடத்துவதை நிறுத்திவிட்டு, எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தக் கட்டத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்பது காவல் காப்பதுதான்.

எல்லாவற்றையும் விட மோசமானது மினிமம் மெட்டீரியல். 35 மார்க் எடுக்க வைப்பதற்கென்றே கோர்த்த கேள்விகள். அறிவியலில் செய்முறைக்கு 25 இருக்கிறது, எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளையும் பாஸாகிவிடும். பதினொன்றாம் வகுப்பில் உயிரியலையோ கணக்குப்பதிவியலையோ திறந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை, சரி, மூச்சு விட ஒரு வருடம் கிடைக்கிறது. ஆனால் அடித்தளம் இல்லாதவனுக்கு அந்த வருடம் என்ன செய்யும்?

சதவீத வெறி முற்றினால் இன்னும் ஒரு படி கீழே போகும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே "இவனை வேறெங்காவது சேருங்களேன்" என்று டி.சி.யைக் கையில் கொடுப்பது. நூறு சதவீத ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்க்கும்போது நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் எழுதினார்கள்?

இந்த வழிக்கு ஆதரவாக நம் ஊரில் தவறாமல் வருகிற வாதம் ஒன்று உண்டு. "கலாம் விடியக்காலை நாலு மணிக்குக் கணக்கு டியூஷன் போகலையா?" போனார், உண்மைதான். ஆனால் அந்த ஆசிரியர் வருடத்துக்கு ஐந்து பிள்ளைகளுக்குத்தான், அதுவும் காசு வாங்காமல், சொல்லிக்கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு வாத்தியார் கிடைத்தால் நாலு மணிக்கு என்ன, எந்த நேரத்திலும் பிள்ளை எழுந்து ஓடும். அறுபது பேரை ஓர் அறையில் அடைத்து 'மனப்பாடம் பண்ணு' என்பதற்கு அந்தக் கதையை இழுப்பது நியாயமில்லை.

இந்த வழி நன்றாக வேலை செய்யும் இடம்: பிள்ளைகள் நடந்து வந்துபோகும் தூரத்தில் இருக்கும் பள்ளி, பாடத்துக்கு ஒரு டீச்சர் முழுமையாக இருக்கும் பள்ளி, ஜனவரி முதல் மார்ச் வரையிலான குறுகிய காலம். ஜூலையிலிருந்து என்றால் நான் கை தூக்க மாட்டேன்.

## இரண்டாம் வழி: மணி அடித்ததும் வீடு

பள்ளி நேரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் முடிப்பது. விளையாட்டுப் பீரியடில் விளையாட்டு, நூலகப் பீரியடில் நூலகம், இலக்கிய மன்றம் எல்லாம் அப்படியே. வீட்டுப்பாடம் அளவாக. 5 முதல் 17 வயது வரை தினம் ஒரு மணி நேரமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம், மைதானத்தைப் பூட்டாமல் இருந்தால் போதும். கபடி, கால்பந்து என்று இறங்கினால் நேரம் போவது தெரியாத பிள்ளைகள்.

கேட்க இதமாக இருக்கிறது. நன்றாக நடத்துகிற பள்ளியில் இதுவே சிறந்த வழியும்கூட. ஏனென்றால் நேரம் குறைவு என்று தெரிந்த டீச்சர் வீணாக்க மாட்டார். நேற்று நடத்தியதிலிருந்து இன்று ஐந்து நிமிடம் ஐந்து கேள்வி, போன வாரம் நடத்தியதிலிருந்து வெள்ளிக்கிழமை பத்துக் கேள்வி. இது புதுசு இல்லை. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து காட்டினார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கழன்றுவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டால் நிற்கிறது. இதைச் செய்ய மாலை ஆறரை வரை பிள்ளையை உட்கார வைக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் பக்கத்தில் இந்த வழி பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. டீச்சர் பணியிடம் காலி, அதனால் ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. பி.டி. பீரியட் உண்டு, பந்து இல்லை. நூலகம் உண்டு, சாவி எச்.எம். அறையில். இதற்கு 'பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுகிறோம்' என்று பெயர் வைத்தால் அது கைவிடுதலுக்கு அடித்த வெள்ளைப்பூச்சு. தொண்டிப் பக்கத்து அப்பா சொன்ன 'சந்தோஷமாத்தான் இருக்கான்' என்பது இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மே மாதம் ரிசல்ட் வரும்போது அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுப்பது பையன்தான்.

மறைமுகச் செலவு என்னவென்றால், நாலு மணிக்குப் பிறகு யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். வாப்பா சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போய்ப் பணம் அனுப்பும் கீழக்கரை வீட்டில் டியூஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். அரசு வேலைக்காரர் வீட்டில் அம்மாவே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். கரைவலை இழுக்கிற வீட்டுப் பையனுக்கு நாலு மணிக்குப் பிறகு இருப்பது கடற்கரையும் செல்போனும். ஒரே வகுப்பில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் இடைவெளி ஒவ்வொரு மாலையும் கூடுகிறது, பள்ளியோ 'நாங்கள் யாரையும் அழுத்துவதில்லை' என்று சொல்லிக்கொள்கிறது.

இந்த வழி பொருந்தும் இடம்: ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகள், எல்லாப் பள்ளிகளிலும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாம் வகுப்புக்கு என்றால், ஆசிரியர்கள் முழு எண்ணிக்கையில் இருக்கும், வகுப்புக்கு முப்பது பேருக்கு மேல் இல்லாத பள்ளிகள், அல்லது பாதிப் பிள்ளைகள் தூரத்து ஊர்களிலிருந்து ஒற்றை பஸ்ஸில் வரும் பள்ளிகள். அப்படிப்பட்ட இடத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார வைத்தாலும் பயனைவிடச் சேதம் அதிகம்.

## மூன்றாம் வழி: ஊர்ப் படிப்பகம்

பள்ளி வழக்கமான நேரத்தில் விட்டுவிடும். மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அந்தந்த ஊரிலேயே, கோயில் மண்டபத்திலோ, சர்ச் ஹாலிலோ, ஜமாத் கட்டடத்திலோ, சமுதாயக் கூடத்திலோ பிள்ளைகள் கூடிப் படிப்பார்கள். ஊரில் காலேஜ் படிக்கும் ஓர் அக்கா அல்லது அண்ணன் பார்த்துக்கொள்வார். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் தொடங்கியது. அப்போது ஊர் ஊராகத் தன்னார்வலர்களாக இருந்த பெண்கள் பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஏற்பாட்டை ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கடற்கரை வாழ்க்கைக்கு இது ஒத்துவரும் அளவுக்கு மற்ற இரண்டும் ஒத்துவருவதில்லை. காலையில் படகுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்ட பையன் மாலையில் பக்கத்து வீட்டுப் பையனிடம் என்ன நடத்தினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வான். மழை விடுமுறை விட்டாலும் படிப்பகம் திறந்திருக்கும். பெண்பிள்ளை நான்கு மணிக்கு வந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டே வரலாம். பஸ் செலவு கிடையாது. இவன் யார் மகன், இவன் வீட்டில் என்ன நிலைமை என்று அந்த அக்காவுக்குத் தெரியும். மூன்று நாள் வரவில்லை என்றால் நாலாம் நாள் வீட்டு வாசலில் நிற்பார். அறுபது பேர் வகுப்பில் எந்த டீச்சராலும் அது முடியாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் இங்கேதான் வெட்கமில்லாமல் தொடங்க முடியும். ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு 2025-இல் 'திறன்' இயக்கம் கொண்டுவந்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டவர்களுக்கு அது கிடைக்காது, அந்த இடத்தை நிரப்ப வேண்டியது படிப்பகம். ஏழாம் வகுப்புத் தம்பியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு அண்ணன் தம்பிக்குச் சொல்லித்தருவதுபோல உட்காரட்டும், இருவரும் சேர்ந்து படிப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது கசப்பான பக்கம். முதல் தகராறு, எந்த ஹாலில் வைப்பது என்பது. சர்ச் ஹால் என்றால் ஒரு தெரு வராது, கோயில் மண்டபம் என்றால் இன்னொரு தெரு வராது. கூடியவரை பள்ளிக் கட்டடமோ பஞ்சாயத்துக் கட்டடமோ பாருங்கள், இல்லையென்றால் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். இரண்டாவது, ஆள். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் அந்த அக்காவுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம் ஆகும், அண்ணனுக்குச் சென்னையிலோ திருப்பூரிலோ துபாயிலோ வேலை கிடைக்கும். மாதம் ஒரு தொகை கொடுக்காமல் 'சேவை' என்று நடத்தினால் பொங்கலைத் தாண்டாது. மூன்றாவது, பாதுகாப்பு. கழிப்பறை, வெளிச்சம், எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். இது இல்லையென்றால் படிப்பகமே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வைப்பது செலவில்லாத வேலை.

இன்னொரு குறையும் உண்டு. கணக்கிலும் அறிவியலிலும் சந்தேகம் வந்தால் தீர்க்க அங்கே டீச்சர் இல்லை. சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போகும் பழக்கம் இல்லையென்றால், தப்புத் தப்பாகவே பழகிவிடும். பள்ளியும் படிப்பகமும் பேசிக்கொள்ளாத ஊர்களில் இது கூட்டுப் பாராயணமாகத்தான் முடிகிறது.

பொருந்தும் இடம்: ஒரே குப்பத்திலிருந்து பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வரும் ஊர்கள், பள்ளி தூரமாக இருக்கும் ஊர்கள், பொறுப்பெடுக்க இரண்டு மூன்று பேராவது இருக்கும் ஊர்கள். பொறுப்பாள் இல்லாத ஊரில் தொடங்கி மூடுவது, தொடங்காமல் இருப்பதைவிட மோசம். பிள்ளைகள் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்பெஷல் கிளாஸ் | மணி அடித்ததும் வீடு | ஊர்ப் படிப்பகம் |
|---|---|---|---|
| தேர்ச்சி சதவீதம் | விரைவில் ஏறும் | டீச்சரைப் பொறுத்தது | மெதுவாக ஏறும் |
| நன்றாகப் படிக்கும் பிள்ளை | பயிற்சி கூடும், சலிப்பும் கூடும் | தானே படித்துக்கொள்ளும் | சொல்லிக்கொடுத்தே கற்கும் |
| பின்தங்கிய பிள்ளை | 35-க்குத் தயாராகும், அதற்கு மேல் இல்லை | கவனிக்கப்படாமல் போகலாம் | அடிப்படையிலிருந்து தொடங்க இடமுண்டு |
| தூக்கமும் விளையாட்டும் | இரண்டும் அடிபடும் | இரண்டும் உண்டு | விளையாட்டு உண்டு, தூக்கம் ஓரளவு |
| படகு நாள், மழை விடுமுறை | தவறினால் தவறியதுதான் | தவறினால் தவறியதுதான் | ஈடுகட்டலாம் |
| வீட்டுச் செலவு | பஸ், ஆட்டோ, ஜெராக்ஸ், தின்பண்டம் | டியூஷன் | ஊர்ப் பங்கு |
| எதில் உடையும் | டீச்சரின் சோர்வில் | காலிப் பணியிடத்தில் | பொறுப்பாள் ஊரைவிட்டுப் போவதில் |

## எந்தப் பள்ளிக்கு எது

ஒன்றை மட்டும் எடுத்து வருடம் முழுக்க ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? என்னைக் கேட்டால், ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் சேர்ந்து நடக்கட்டும். பள்ளி நாலு மணிக்கு விடட்டும், விளையாட்டுப் பீரியடில் யாரும் கை வைக்க வேண்டாம், வாரத்தில் இரண்டு பீரியட் பின்தங்கியவர்களைத் தனியாக எடுத்து வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் மட்டும். மாலையில் ஊரில் படிப்பகம். அரையாண்டு முடிந்து ஜனவரியில் திருப்புதல் தொடங்கும்போது ஸ்பெஷல் கிளாஸ் வரட்டும், ஒரு மணி நேரம் மட்டும், கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும்படி, பதினைந்து பேருக்கு மேல் இல்லாத குழுக்களாக. காலை வகுப்பு வேண்டாம். தூக்கத்தைத் தின்று மார்க் வாங்க முடியாது, வாங்கினாலும் நிற்காது.

ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பழக்கத்தை நான் நான்காம் வழியாகச் சேர்க்கவில்லை. ஒன்பதாம் பாடம் தெரியாதவனுக்குப் பத்தாம் பாடத்தை இரண்டு முறை நடத்துவதில் ஒரு பயனும் இல்லை.

"இதெல்லாம் எதுக்கு, பேசாம தனியார் பள்ளிக்கு மாத்திரலாம்ல" என்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு மாற்றட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இல் வந்தது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தனி. ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இருபது மார்க் கூடுதலாக வரும் என்பதற்காக ஒன்பதில் பிள்ளையைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் இத்தனையும் கையைவிட்டுப் போகும். கூட்டாளிகளும் போவார்கள். பதினான்கு வயதில் அது சின்ன இழப்பு இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்காக அதைச் செய்யவில்லை. பத்தாம் வகுப்பு நேர அட்டவணையை அந்தக் கூட்டத்தில் வையுங்கள். பஸ் நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். படகு போகும் நாட்களை எழுதுங்கள். பிறகு பேசுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

## கேட்டவர்களுக்கு

மண்டபம் அம்மாவுக்கு: உங்கள் மகளுக்கு வகுப்பில் நடத்துவது புரிகிறதா என்று முதலில் பாருங்கள். அறிவியல் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து வாசித்து விளக்கச் சொன்னால் தெரிந்துவிடும். புரிகிறது என்றால் காலை வகுப்பிலிருந்து மட்டும் விலக்குக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் 'உங்க பிள்ளைக்கு மட்டும் சலுகையா' என்பார்கள், அதே பஸ்ஸில் வரும் நாலைந்து பிள்ளைகளின் அம்மாக்களோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். புரியவில்லை என்றால் நேரத்தைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். எந்தப் பாடத்தில் எங்கே தடுக்குகிறது என்று கேட்டு, அந்த டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் வாங்குங்கள்.

தொண்டி அப்பாவுக்கு: மூன்று பாடம் போனதில் தமிழும் ஒன்றா? அப்படியென்றால் வாசிப்பில்தான் கோளாறு, மற்றவை அதன் பின்னால் வந்தவை. தினம் அரை மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் பையனின் கபடியை நிறுத்திவிடாதீர்கள், அவனைப் பள்ளிக்கு இழுத்துவருவது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

ஆசிரியருக்கு: குழுவில் ஓட்டுக்கு விடாதீர்கள். எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் இந்த வருட பத்தாம் வகுப்பு நாமினல் ரோலையும், அதாவது தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும், எடுத்து வைத்து, விடுபட்ட பெயர்களை வாசித்துக் காட்டுங்கள். மார்க் வேண்டும் என்றவர்களும் பிழிய வேண்டாம் என்றவர்களும் ஒரே பட்டியலைப் பார்த்துப் பேசட்டும். படிப்பகத்துக்கு ஆள் தேடும்போது அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளின் தெருவிலிருந்தே தேடுங்கள்.